பரவளைய பல்லடுக்கு ஆடி: நடுவில் மட்டும் பிரகாசம், ஓரங்கள் மங்கல், கற்றையும் இணையாக இல்லை

மெல்லேடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் பழைய டிஃப்ராக்டோமீட்டருக்கு (எக்ஸ்-கதிர் சிதறும் கோணங்களை அளக்கும் கருவி) இணைக்கற்றை தரும் பல்லடுக்கு ஆடி ஒன்றை, அதாவது மெல்லிய அடுக்குகளால் எக்ஸ்-கதிரை எதிரொளிக்கும் ஆடியை, நாங்களே செய்துவிடலாம் என்று எட்டு மாதமாக முயன்று வருகிறோம். விலை கொடுத்து வாங்கலாம்தான். ஆனால் அணு அணுவாகப் படலம் பூசும் மேக்னட்ரான் ஸ்பட்டரிங் அறை ஒன்று வேலையில்லாமல் நிற்கிறது, எனக்கும் இதை அடியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். காப்பர் எக்ஸ்-கதிர் குழாய், அதன் முக்கியக் கதிரான கே-ஆல்ஃபா, சராசரி அலைநீளம் 0.1542 நானோமீட்டர். குழாயின் கோடு போன்ற மூலத்தை (லைன் ஃபோகஸ்) 6 டிகிரியில் பார்க்கிறோம், அதனால் மூலத்தின் அகலம் சுமார் 0.04 மி.மீ. ஆடியின் நடுப்புள்ளி குவியத்திலிருந்து 100 மி.மீ., ஆடியின் நீளம் 60 மி.மீ., அதாவது 70-இல் தொடங்கி 130-இல் முடிகிறது. டங்ஸ்டனும் சிலிக்கானும் மாறி மாறி 50 ஜோடி, ஒவ்வொரு ஜோடியிலும் டங்ஸ்டனின் பங்கு 0.35. நடுவில் ஒரு ஜோடியின் தடிமன், அதாவது டி, 4.0 நானோமீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். அடுக்கின் தடிமனையும் எதிரொளிக்கும் கோணத்தையும் இணைக்கும் பிராக் விதிப்படி கோணம் 1.10 டிகிரி. பரவளையத்தில் மூலத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக படுகோணம் குறைவதால், டி தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூட வேண்டும். அப்படிப் பார்த்தால் கிட்ட முனையில் 3.35, தூர முனையில் 4.56.

0.5 மி.மீ. சிலிக்கான் வேஃபரைத் தட்டையாக வைத்து, மேக்னட்ரானுக்கு முன்னால் அதை நகர்த்தும் வேகத்தை மாற்றி மாற்றி இந்தச் சரிவைக் கொண்டுவந்தேன். பிறகு பரவளைய வடிவில் அரைத்த கட்டையின் மேல் வளைத்து எபாக்ஸி வைத்து ஒட்டியாயிற்று. ஒட்டுவதற்கு முன்பே, அதே வேக நிரலில் பூசிய இன்னொரு துண்டை ஏழு இடங்களில் எக்ஸ்-கதிர் எதிரொளிப்பு அளந்து, ஜென்எக்ஸ் என்ற மென்பொருளில் பொருத்திப் பார்த்தேன். ஏழு இடத்திலும் டி நான் கேட்டதற்கு 0.5 சதவீதத்துக்குள் இருக்கிறது. சொரசொரப்பு 0.35 நானோமீட்டர், முதல் உச்சியில் எதிரொளிப்பு 65 சதவீதம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் ஆடியைப் பொருத்திய பிறகு கற்றையின் நடுப்பகுதி மட்டும் நன்றாக வருகிறது, இரண்டு ஓரமும் மங்கிக் கிடக்கின்றன. ஸ்லிட்டை நகர்த்தி அளந்தால் அகலம் ஆடியிலிருந்து 200 மி.மீ. தூரத்தில் 1.4 மி.மீ., 700 மி.மீ. தூரத்தில் 1.9 மி.மீ. என் கணக்குப்படி 700-இல் 1.45-க்கு மேல் போகக் கூடாது. இன்னொன்று, லேசர் வைத்து நேராக்கிய நிலையில் கதிர் கிட்டத்தட்ட ஒன்றுமே வரவில்லை. ஆடியை 0.06 டிகிரி கூடுதலாகச் சாய்த்த பிறகுதான் உச்சம் கிடைத்தது. லேசர் பூஜ்யத்தில் ஏதோ பிழை என்று அதை விட்டுவிட்டேன். சொரசொரப்பைக் குறைக்க வேண்டுமா, அல்லது கட்டையின் வடிவம்தான் கெட்டுவிட்டதா? எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.


கோணமானி எழுதியது:

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன அந்த 0.06 டிகிரியில்தான் பதில் இருக்கிறது. உங்கள் லேசர் சரி. கட்டையும் அநேகமாகச் சரி. பூச்சும் நீங்கள் கேட்டபடியே வந்திருக்கிறது. நீங்கள் கேட்ட டி-தான் தவறு.

எக்ஸ்-கதிருக்குப் பொருளின் ஒளிவிலகல் எண் ஒன்றுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அந்தக் குறைவைத்தான் டெல்டா என்கிறோம். காப்பர் கே-ஆல்ஃபாவுக்கு டங்ஸ்டனின் டெல்டா சுமார் 46, சிலிக்கானின் டெல்டா சுமார் 7.6, இரண்டும் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில். உங்கள் 0.35 பங்குக்குச் சராசரி போட்டால் 21 வரும். படிகத்தில் 20, 30 டிகிரியில் வேலை செய்யும்போது இதை மறந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் 1 டிகிரியில் அப்படி இல்லை, ஏனென்றால் சைன் தீட்டாவின் வர்க்கமே அங்கே வெறும் 371, அதே பத்து லட்சத்தில். திருத்திய பிராக் விதி அந்த வர்க்கத்தோடு டெல்டாவின் இரு மடங்கைக் கூட்டச் சொல்கிறது, அதாவது 42. பதினொரு சதவீதத்துக்கும் மேல்! எனவே 4.0 நானோமீட்டர் அடுக்கு 1.10-இல் அல்ல, 1.165 டிகிரியில் எதிரொளிக்கும். உங்கள் 0.06 அங்கிருந்து வந்ததுதான்.

சரி, சாய்த்துவிட்டோமே, அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை, அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஆடியை அதன் நடுவைச் சுற்றி 0.06 டிகிரி சாய்ப்பதும், மூலத்தைக் குவியத்திலிருந்து பக்கவாட்டில் 0.1 மி.மீ. தள்ளி வைப்பதும் ஒன்றேதான். 100 மி.மீ. தூரத்துக்கு ஒரு மில்லிரேடியன், அவ்வளவு. அப்போது படுகோணம் எல்லா இடத்திலும் ஒரே அளவு கூடாது. 70 மி.மீ. முனையில் 1.5 மில்லிரேடியன் கூடும், 130 மி.மீ. முனையில் 0.8 தான் கூடும். இந்த 0.7 வித்தியாசம் அப்படியே கற்றையின் விரிவாகப் போய்ச் சேரும். 200-க்கும் 700-க்கும் இடையே 500 மி.மீ., அதற்கு 0.35 மி.மீ. கூடுதல். மூலத்தின் அகலத்தால் வரும் 0.2-ஐயும் சேர்த்தால் 0.55. நீங்கள் அளந்தது 0.5.

ஓரங்கள் ஏன் மங்குகின்றன என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒளிவிலகலால் கிட்ட முனைக்குத் தேவைப்பட்ட கூடுதல் 0.05 டிகிரி, உங்கள் சாய்வு அதற்குக் கொடுத்தது 0.086. தூர முனைக்குத் தேவை 0.07, கிடைத்தது 0.046. ஒரு முனையில் அதிகம், மறுமுனையில் குறைவு, இரண்டுமே உச்சியின் சரிவில் போய் நிற்கின்றன. நடுவில் மட்டும் பொருந்துகிறது.

எல்லா டி-யையும் ஒரே விகிதத்தில் பெருக்கிச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். நான் போட்டுப் பார்த்ததில் 70-இல் 3.49, 100-இல் 4.25, 130-இல் 4.94 வருகிறது. திருத்தம் கிட்ட முனையில் 4 சதவீதம், தூர முனையில் 8 சதவீதம். சரிவின் வடிவமே மாறுகிறது. அப்புறம், ஸ்பட்டர் செய்த டங்ஸ்டன் கட்டி உலோகத்தை விடச் சற்று அடர்த்தி குறைவாக வரக்கூடும், அதனால் டெல்டாவைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் உங்கள் ஜென்எக்ஸ் பொருத்தலில் வந்த அடர்த்தியை வைத்தே போடுங்கள்.


இரட்டைஅடுக்கு எழுதியது:

கோணமானி சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இதே குழியில் பலர் விழுவதைப் பார்த்திருக்கிறேன், காரணமும் எப்போதும் ஒன்றுதான். பொருத்தும் மென்பொருளுக்கு ஒளிவிலகல் தெரியும், எதிரொளிப்பைக் கணக்கிட பாரட் 1954-இல் கொடுத்த கணக்குமுறையிலேயே அது அடங்கியிருக்கிறது. வடிவமைக்க நாம் போட்டுக்கொள்ளும் விரிதாளுக்குத் தெரியாது. இலக்கு ஒரு கணக்கிலும் சரிபார்ப்பு இன்னொரு கணக்கிலும் நடந்தால் இரண்டும் 'பொருந்துகிறது' என்று காட்டும், ஆடி மட்டும் வேலை செய்யாது. விந்தை என்னவென்றால், நீங்கள் ஜென்எக்ஸ் பக்கமே போகாமல் ஒவ்வொரு இடத்திலும் முதல் உச்சியின் கோணத்தை வெறும் பிராக் விதியில் போட்டு, வரும் டி அந்த இடத்துக்கு நீங்கள் கேட்ட டி ஆகும் வரை வேகத்தை மாற்றியிருந்தால், ஆடி முதல் தடவையே சரியாக வந்திருக்கும். பிழை பிழையோடு அடிபட்டுப் போயிருக்கும்.

அதனால் நான் எப்போதும் டி-யை இலக்காக வைப்பதில்லை. ஆடிக்குத் தேவை கோணம். 70-இல் 1.32, 100-இல் 1.10, 130-இல் 0.97 டிகிரி. சோதனைத் துண்டை எடுத்துக் குறுகிய ஸ்லிட் வைத்து நீளவாக்கில் 5 மி.மீ.க்கு ஒரு இடம் என முதல் உச்சியை மட்டும் அளந்து, அந்தக் கோணங்கள் பரவளையத்தின் கோணங்களோடு ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். எத்தனை பெரிய பொருத்தல் செய்தாலும் கடைசியில் ஆடி கேட்பது இந்த ஒரு கோட்டைத்தான். உச்சியின் அகலம் உங்களுக்கு 0.03 டிகிரிப் பக்கம் இருக்கும், ஆகவே கோணப்பிழை 0.01-க்குள் இருக்க வேண்டும். டி-யில் அது கிட்டத்தட்ட 1 சதவீதம், 0.04 நானோமீட்டர். ஒரு அணுவின் விட்டத்தை விடச் சின்னது. ஆனால் நாம் கட்டுப்படுத்துவது பரப்பு முழுவதுக்குமான சராசரி என்பதால் இது சாத்தியமே, வீதம் நிலையாக இருந்தால் போதும்.

சொரசொரப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அது குற்றவாளி இல்லை. 0.35 நானோமீட்டர் சொரசொரப்பால் டி 4.56 உள்ள முனையில் எதிரொளிப்பு 79 சதவீதமாக வெட்டுப்படும், 3.35 உள்ள முனையில் 65 சதவீதமாக. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் படிப்படியாகக் குறையுமே தவிர இரண்டு ஓரமும் மங்கி நடு மட்டும் எரியாது. டி 2-க்குப் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்குத்தான் அது உயிர்ப் பிரச்சினை, அங்கே 0.3 இருந்தாலே பாதிக்கு மேல் போய்விடும். ஆர்கான் அழுத்தத்தை மட்டும் கவனியுங்கள். 0.2 பாஸ்கல் சுற்றி வைத்தால் அணுக்கள் வேகத்தோடு வந்து பரவி உட்காரும், அழுத்தம் ஏற ஏற மோதி மோதிச் சோர்ந்து வந்து தூண் தூணாக வளரும்.

நிக்கல்/கார்பனை யோசித்தீர்களா? காப்பர் கே-ஆல்ஃபா 8.05 கிலோ எலக்ட்ரான்வோல்ட், நிக்கலின் கே-விளிம்பு, அதாவது உறிஞ்சல் திடீரென்று ஏறும் ஆற்றல், 8.33. கதிர் விளிம்புக்குக் கீழே இருப்பதால் நிக்கல் அதை அதிகம் உறிஞ்சாது, எதிரொளிப்பு டங்ஸ்டனை விட நன்றாகவே கிடைக்கும். டெல்டாவும் டங்ஸ்டனில் பாதிதான். ஆனால் உச்சி இன்னும் ஒடுங்கிவிடும், டி-யின் சரிவில் பிழைக்கு உங்களுக்கு இடம் குறையும். முதல் ஆடிக்கு டங்ஸ்டன்/சிலிக்கான் சரியான தேர்வு என்றே சொல்வேன். குழாயின் இன்னொரு கதிரான கே-பீட்டா அலைநீளத்தில் பத்து சதவீதம் தள்ளி இருப்பதால் எதை எடுத்தாலும் அது ஒழிந்துவிடும். கே-ஆல்ஃபாவின் இரண்டு கோடுகளான ஒன்றும் இரண்டும் கால் சதவீத இடைவெளியில் இருப்பதால் எதை எடுத்தாலும் இரண்டும் சேர்ந்தே வரும்.


மெல்லேடு எழுதியது:

சார், உண்மையிலேயே நன்றி. நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து திரும்பக் கணக்குப் போட்டேன், கோணமானி சார் கொடுத்த மூன்று எண்களும் எனக்கும் வந்தன. இன்று காலையில் பழைய சோதனைத் துண்டை எடுத்து இரட்டைஅடுக்கு சொன்ன மாதிரி உச்சிக் கோணத்தை மட்டும் அளந்தேன். கிட்ட முனையில் 1.37, நடுவில் 1.16, தூர முனையில் 1.04. எட்டு மாதமாக இந்த எண்கள் கோப்பிலேயே இருந்திருக்கின்றன, நான் அவற்றைக் கோணமாகப் பார்க்கவே இல்லை.

அடுத்த பூச்சுக்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். வேஃபரை அறையிலிருந்து எடுத்தபோது லேசாக வளைந்த மாதிரி தெரிந்தது, பூசிய பக்கம் மேடாக. இதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா, அல்லது ஒட்டும்போது சரியாகிவிடுமா?


வளைந்தவேஃபர் எழுதியது:

செய்ய வேண்டும். நான் இதில் ஒரு வருஷம் இழந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குறைந்த அழுத்தத்தில் ஸ்பட்டர் செய்த டங்ஸ்டன்/சிலிக்கான் படலம் அழுந்திய நிலையில் உட்காரும், விரியப் பார்க்கும், அதனால் பூசிய பக்கம் புடைக்கும். நீங்கள் சொல்லும் 0.5 மி.மீ. வேஃபரில் மொத்தம் 200 நானோமீட்டர் படலம், தகைவு (உள்ளே இருக்கும் அழுத்தம்) ஒரு கிகா பாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், படலத்தின் தகைவிலிருந்து வளைவைத் தரும் ஸ்டோனி சூத்திரப்படி வளைவு ஆரம் 37 மீட்டர் பக்கம் வரும். உங்கள் பரவளையத்துக்கு நடுவில் தேவைப்படும் ஆரம் எவ்வளவு? போட்டுப் பாருங்கள், 10.4 மீட்டர். அதுவும் எதிர்த்திசையில், குழிவாக. அதாவது வேஃபர் தட்டையிலிருந்து அல்ல, எதிர்ப்பக்கம் கால் பங்குக்கு மேல் வளைந்த நிலையிலிருந்து கட்டைக்கு வர வேண்டியிருக்கிறது. சிலிக்கான் தாங்கும், உடையாது. தாங்காதது எபாக்ஸிதான். அதன் மேல் எப்போதும் ஒரு இழுவை இருந்துகொண்டே இருக்கும், மெல்ல மெல்ல நகரும்.

எனக்கு நடந்தது இப்படித்தான். பொருத்திய வாரத்தில் அருமையான கற்றை. மூன்று மாதம் கழித்து அதே ஆடியில் ஓரங்கள் சாய்ந்துவிட்டன. குழாயைச் சந்தேகப்பட்டேன், டிடெக்டரைச் சந்தேகப்பட்டேன், பூச்சு கெட்டுப்போயிற்று என்று புதிதாகப் பூசவே செய்தேன். கடைசியில் பசை. ஆரத்தில் 10 சதவீதம் மாறினால் 30 மி.மீ. தள்ளி இருக்கும் முனையில் சாய்வு 0.3 மில்லிரேடியன் மாறும், எதிரொளித்த கதிர் அதன் இரு மடங்கு, 0.6. உங்கள் மூலம் தரும் விரிவே 0.4 தான். ஆக ஆரம் 1 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், வருஷக்கணக்கில்.

வழிகள் உண்டு. வேஃபரின் பின்பக்கமும் அதே தடிமனில் ஏதாவது அழுந்திய படலம் பூசினால் இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துச் சமனாகும், நான் இப்போது இதைத்தான் செய்கிறேன். ஆர்கான் அழுத்தத்தைக் கூட்டித் தகைவைக் குறைக்கலாம், ஆனால் இரட்டைஅடுக்கு சொன்ன சொரசொரப்பு உடனே வந்து நிற்கும். எல்லாவற்றிலும் நல்லது, 20 மி.மீ. தடிமன் உள்ள கட்டையையே பரவளையமாக மெருகேற்றி அதன் மேல் நேரடியாகப் பூசுவது. வளைவு தடிமனின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவதால் தகைவு அங்கே எதையும் அசைக்காது. ஆனால் 43 மைக்ரோமீட்டர் குழிவை அந்தத் துல்லியத்தில் மெருகேற்றித் தருபவர்கள் குறைவு, விலையும் எட்டாது. 1990-களில் மியூனிக்கில் சீமென்ஸில் இருந்த ஹெர்பர்ட் கோபெல் இந்த ஆடியை ஆய்வகக் கருவிக்குள் கொண்டுவந்ததால்தான் இன்றும் எல்லோரும் கோபெல் மிரர் என்கிறோம். வேஃபரை வளைத்து ஒட்டும் வழியும் நன்றாகவே உழைக்கும், பசையைப் பூச்சைப் போலவே மதித்தால்.

இப்போதைக்குப் பூசும் முன்னும் பின்னும் வேஃபரின் வளைவை அளந்து வையுங்கள். ஒட்டிய பிறகும் அளங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடியும்.


கோணமானி எழுதியது:

பசை தவிர பூச்சே காலப்போக்கில் கெடுமா என்று அடுத்து கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் கால்டெக்கில் டூமாண்டும் யூட்ஸும் 1930-களில் தங்கத்தையும் செம்பையும் ஆவியாக்கி முதல் செயற்கைப் பல்லடுக்கைச் செய்தபோது, உச்சி நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போனது. அறை வெப்பத்திலேயே தங்கமும் செம்பும் ஒன்றில் ஒன்று ஊறிவிட்டன. அவர்கள் அதை விட்டுவிடாமல், மங்கும் வேகத்தை வைத்து ஊறலின் வேகத்தையே அளந்து 1940-இல் வெளியிட்டார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த வேலை அது. டங்ஸ்டனும் சிலிக்கானும் அப்படி அறை வெப்பத்தில் கரையாது. ஆனால் குழாய்க்குப் பக்கத்தில் காற்றில் ஓசோன் உண்டாகும், அது மேற்பரப்பை அரிக்கும். ஆடியை வெற்றிடத்திலோ ஹீலியத்திலோ வைக்கும்படி ஒரு பெட்டி செய்யுங்கள். கடைசி அடுக்கு சிலிக்கானாக இருக்கட்டும், டங்ஸ்டனைத் திறந்து விடாதீர்கள்.


மெல்லேடு எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். புதிய சரிவில் பூசி, பின்பக்கமும் பூசி, ஒட்டி, பொருத்தியாயிற்று. லேசரில் நேராக்கிய நிலையிலேயே கதிர் வந்தது, உச்சத்துக்கு 0.005 டிகிரி மட்டும் திருப்ப வேண்டியிருந்தது. அகலம் 200-இல் 1.25, 700-இல் 1.5. நடுவும் கிட்ட முனையும் சமமாக எரிகின்றன. தூர முனையில் கடைசி 6 மி.மீ. மட்டும் கொஞ்சம் மங்கல். சோதனைத் துண்டில் பார்த்தால் அங்கே உச்சிக் கோணம் 0.985, வேண்டியது 0.97. அந்த முனையில் வேஃபர் மெதுவாக நகர வேண்டியிருப்பதால், நிரலில் நான் வைத்திருந்த குறைந்தபட்ச வேகத்தில் போய் முட்டி நின்றிருக்கிறது, டி போதவில்லை. டங்ஸ்டன் பக்கம் மின்திறனை ஏற்றினால் எல்லா வேகமும் மேலே போய்விடும், அதைத்தான் அடுத்த பூச்சில் செய்யப் போகிறேன்.

வேஃபரின் வளைவு ஆரம், பூசும் முன் 400 மீட்டருக்கு மேல். இரண்டு பக்கமும் பூசிய பின் 210. ஒட்டிய நாளில் ஆடியின் நடுவில் 10.4. அடுத்த அளவை வரும் மாதம் முதல் வாரத்தில் இங்கேயே போடுகிறேன்.